நீலகிரியில் மூன்று கோயில், மூன்று அதிகாரம்: ஸ்டீபன் சர்ச், கேத்தி, காந்தல்

ஊட்டியின் கதையை எல்லோரும் 1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் வந்ததிலிருந்து தொடங்குவார்கள். அதற்கு 216 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பாதிரியார் இந்த மலை ஏறிவிட்டார். ஜாகோமோ ஃபெனிச்சியோ என்ற இத்தாலியர், இயேசு சபைக்காரர். 1603இல் கோழிக்கோட்டுப் பக்கமிருந்து வந்தார். மலைமேல் வேதம் மறந்துபோன பழைய கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள் என்று மலையாளக் கரையில் ஒரு பேச்சு இருந்தது. அவர்களைத் தேடிப் பிடிக்கத்தான் அவரை அனுப்பினார்கள்.

ஏன் அந்த அவசரம்? நான்கு ஆண்டுகளுக்கு முன், 1599இல், உதயம்பேரூரில் கோவாவின் பேராயர் மெனேசெஸ் ஒரு மாமன்றம் கூட்டியிருந்தார். சுரியானி மொழி வழிபாட்டு மரபில் வந்த கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்களை ரோமாபுரியின் கீழ் கொண்டுவந்த கூட்டம் அது. பிழையானவை என்று ரோமாபுரித் தரப்பு கருதிய சுரியானி ஏடுகளைத் திருத்தவும் எரிக்கவும் அங்கே ஆணை பிறந்தது. போர்த்துகீசிய அரசரின் ஆதரவு பின்னால் இருந்தது. அந்த வேகத்தில்தான் மலைமேல் இருப்பதாகக் கேள்விப்பட்டவர்களையும் விடக்கூடாது என்று ஆள் அனுப்பினார்கள். ஃபெனிச்சியோ கண்டது எருமை மேய்க்கும் தோடர்களை. பெண்களுக்குக் கண்ணாடியும் நூல்கண்டும் கொடுத்தார், விசாரித்தார், கிறிஸ்தவர் யாரும் இல்லை என்று எழுதி அனுப்பினார். அவர் நடந்த தடத்தில் இன்று பார்க்க ஒன்றும் இல்லை. ஆனால் இந்த மலையில் ஐரோப்பியக் கால் பட்டதே திருச்சபையின் ஆணையால் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மற்ற மூன்று இடங்களையும் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

முதலில் ஸ்டீபன் சர்ச். ஊட்டியின் சேரிங்கிராஸ் சந்திப்பிலிருந்து நடந்தே போகலாம், ஏற்றம்தான். கலெக்டர் ஆபீஸ், நீதிமன்றம், நீலகிரி நூலகம் எல்லாம் அதே சுற்றுவட்டாரத்தில். ஆட்சி எங்கே உட்கார்ந்ததோ அங்கேயே கோயிலும் உட்கார்ந்தது. அடிக்கல் நாட்டியவர் சென்னை கவர்னர் ஸ்டீபன் ரம்போல்ட் லஷிங்டன். நாள் 1829 ஏப்ரல் 23, அரசர் நான்காம் ஜார்ஜின் பிறந்தநாளாகக் கொண்டாடப்பட்ட நாள். இங்கிலாந்துத் திருச்சபைக்கு அரசரே தலைவர். அதனால் அரசர் பிறந்தநாளில் அடிக்கல் என்பது அவர்கள் கணக்கில் முறையான செயல். கட்டடத்தை வடிவமைத்தவர் சென்னைப் படையின் பொறியாளர் கேப்டன் அண்டர்வுட். செலவு ரூ.24,000.

உள்ளே போனதும் தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். கூரையைத் தாங்கும் பெரிய உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்து எடுத்து வந்தவை. திப்பு 1799இல் வீழ்ந்தார். முப்பது ஆண்டு கழித்து அவர் அரண்மனை மரம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கோயிலுக்கு முதுகெலும்பானது. வண்ணக் கண்ணாடி ஜன்னல்களை எல்லோரும் படம் பிடிக்கிறார்கள், இந்த மரத்தைப் பார்ப்பவர் குறைவு. எனக்கு இந்தக் கட்டடத்தில் மிக முக்கியமானது இந்த மரம்தான். ஜன்னல்களுக்கு வெயில் வேண்டும். மஞ்சு மூடிய நேரத்தில் கண்ணாடி வெறும் சாம்பல் நிறமாகத்தான் தெரியும். ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள். படம் எடுக்கும் முன் அங்கே இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கோயிலைப் பிரதிஷ்டை செய்தது 1830 நவம்பர் 5இல். செய்தவர் கல்கத்தா பேராயர் ஜான் மத்தியாஸ் டர்னர். சென்னை மாகாணத்துக் கோயிலுக்குக் கல்கத்தாவிலிருந்து ஏன் ஆள் வரவேண்டும்? இங்கிலாந்துத் திருச்சபைச் சட்டப்படி ஒரு கோயிலையும் கல்லறை நிலத்தையும் பிரதிஷ்டை செய்யும் உரிமை பேராயருக்கு மட்டுமே உண்டு, சாதாரண குருவானவருக்குக் கிடையாது. சென்னைக்கோ அப்போது பேராயரே இல்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1813இல் போட்ட சட்டம் இந்தியா முழுமைக்கும் ஒரே ஒரு பேராயரை, கல்கத்தாவில், உருவாக்கியது. கூடவே மூன்று மாகாணங்களுக்கு மூன்று ஆர்ச்டீக்கன்கள், அதாவது பேராயருக்கு அடுத்த நிலைக் குருமார். சென்னைக்குத் தனிப் பேராயர், டேனியல் கோரி, வந்தது 1835இல்தான். டர்னர் வந்து சேர்வதற்குள் அடிக்கல் நாளுக்கு உரிய அரசர் நான்காம் ஜார்ஜ் இறந்தே போயிருந்தார். பொது வழிபாடு தொடங்கியது 1831 ஏப்ரல் 3, ஈஸ்டர் அன்று.

அந்த 1813 சட்டத்தில் இன்னொரு சங்கதி உண்டு. கல்கத்தா பேராயருக்கு ஆண்டுக்கு 5,000 பவுண்டு, ஒவ்வொரு ஆர்ச்டீக்கனுக்கும் 2,000 பவுண்டு சம்பளம். அது போனது இந்திய வருவாயிலிருந்து. அதாவது நிலத்தீர்வை கட்டிய குடியானவன் பணம். கம்பெனி சம்பளத்தில் இருந்த குருக்களான சாப்ளின்களுக்கும் அப்படியே. இந்தியத் திருச்சபைச் சட்டம் 1927இல் வந்து, 1930இல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் இங்கிலாந்துத் திருச்சபையோடு இருந்த சட்டப் பிணைப்பு அறுந்தது. சுவர்களில் பதித்திருக்கும் நினைவுப் பலகைகளைப் படிக்கும்போது இந்தப் பின்னணி தெரிந்திருக்கவேண்டும். பெயருக்குக் கீழே பதவியைப் பாருங்கள்: படைப்பிரிவு, சிவில் சர்வீஸ், மறுபடி படைப்பிரிவு.

பின்புறச் சரிவில் கல்லறைத் தோட்டம். பலர் இதைத் தவறவிட்டுக் கோயிலோடு திரும்பிவிடுகிறார்கள். சல்லிவனின் மனைவி ஹென்ரியெட்டா 1838இல் இறந்து இங்கேதான் அடக்கமானார். மகள் ஹாரியெட்டும் இங்கேயே. மழைக்குப் பிறகு பாசி வழுக்கும், பிடிமானமுள்ள ஷூ போட்டுக்கொண்டு இறங்குங்கள். தேய்ந்துபோன எழுத்தைப் படிக்கச் சிலர் சாக்பீஸ் தேய்க்கிறார்கள், சிலர் தண்ணீர் ஊற்றிச் சுரண்டுகிறார்கள். இரண்டும் கல்லைக் கெடுக்கும். மொபைல் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், கிட்டத்தட்டத் தொடுமளவு சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடித்தால் தெரியாத எழுத்து நிழல் விழுந்து எழும்பி நிற்கும். வெயில் இல்லாத நேரத்தில் இது இன்னும் நன்றாக வேலை செய்யும். வயதுகளைப் படித்துக்கொண்டே போங்கள். உடம்பு தேறட்டும் என்று மலைக்கு அனுப்பப்பட்டவர்கள், கைக்குழந்தைகள். ஆட்சியின் கோயில் என்று கோபப்படுகிற மனமும் இங்கே இளகிவிடும்.

அடுத்தது கேத்தி. மலை ரயிலில் ஊட்டியை விட்டால் லவ்டேல், அதற்கடுத்து கேத்தி. ஊட்டி–குன்னூர் சாலையிலும் வரலாம். கேத்தி பாலாடா வேறு இடம், பஸ் ஏறும்போது நடத்துநரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

இங்கே கதை நேர்மாறு. கம்பெனி உத்தியோகத்திலிருந்து விலகி கேத்தியில் வாழ்ந்த காசமேஜர் என்பவர் 1849இல் இறந்தபோது சொத்தை பாசல் மிஷனுக்கு எழுதிவைத்தார். சுவிட்சர்லாந்தின் பாசலிலிருந்து இயங்கிய, பெரும்பாலும் ஜெர்மானியர் அடங்கிய மிஷன் அது. 1846 முதலே அவர்கள் இங்கே வேலை செய்தார்கள். கையில் கவர்னரும் இல்லை, கஜானாவும் இல்லை. இருந்தது இந்த மலையின் படகர்கள் பேசும் படக மொழி. லூக்கா நற்செய்தியைப் படகத்தில் 1852இல் அச்சிட்டார்கள். மெட்ஸ் என்ற மிஷனரி பல பத்தாண்டுகள் ஹட்டி ஹட்டியாக, அதாவது படகர் ஊர் ஊராக, நடந்தார். பலன்? முதல் படகர் ஞானஸ்நானம் பெற்றது 1858இல். பன்னிரண்டு ஆண்டு உழைப்புக்கு அவ்வளவுதான். ஹட்டியில் நிலம், மாடு, கல்யாணம், சாவு எல்லாம் ஊரோடு கட்டுண்டவை. ஒருவர் மட்டும் தனியே மதம் மாறினால் எந்தக் கல்யாணத்தில் உட்காருவார், அவர் சாவுக்கு யார் வருவார்கள்? மிஷன் கொடுத்த பள்ளிக்கூடத்தை ஊர் வாங்கிக்கொண்டது, மதத்தை வாங்க யோசித்தது. எனக்குத் தெரிந்தவரை திருச்சபையின் செல்வாக்குக்கு எல்லை எங்கே என்று இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் நீலகிரியில் வேறில்லை. முதல் உலகப்போரில் ஜெர்மன் மிஷனரிகளைப் பிரிட்டிஷ் அரசு வெளியேற்றியது. 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபின், இன்று ஸ்டீபன் சர்ச், கேத்தி இரண்டுமே ஒரே சிஎஸ்ஐ கோயம்புத்தூர் திருமண்டலத்தின் கீழ்.

கடைசியாக காந்தல் குருசடி. ஊட்டி நகருக்குள்ளேயே, உழைக்கும் ஜனங்கள் நெருங்கி வாழும் பகுதியில் இருக்கும் கத்தோலிக்கத் திருத்தலம். இயேசு அறையப்பட்ட சிலுவையின் சிறு துண்டு என்று போற்றப்படும் திருப்பண்டம் இங்கே உண்டு. அந்தச் சிலுவையைக் கண்டெடுத்தவர் கான்ஸ்டன்டைன் பேரரசரின் தாய் ஹெலனா என்பது மரபு. 313இல் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை தந்ததிலிருந்துதான் சபைக்கும் அரசுக்கும் உறவு தொடங்கியது. ஸ்டீபன் சர்ச்சின் அடிக்கல்லுக்கும் வேர் அதுதான். திருவிழா மே 3. சிலுவை கண்டெடுத்த நாள் என்று ரோமாபுரி நெடுங்காலம் கொண்டாடிய அதே தேதி. 1960இல் பொது நாட்காட்டியிலிருந்து ரோமாபுரி அதை எடுத்துவிட்டது. காந்தல் விடவில்லை.

மே 3 சீசன் உச்சம். சொந்த வண்டியில் வருவோர் இ-பாஸ் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், அரசுப் பேருந்தில் வந்தால் அது தேவையில்லை. திருவிழா அன்று வண்டியை ஊட்டி நகர மையத்திலேயே நிறுத்திவிட்டு நடந்து போவது நல்லது; காந்தலின் தெருக்கள் குறுகல். கூட்டம் வேண்டாம் என்றால் பிப்ரவரி, மார்ச் மாதத்தில் ஒரு வார நாளில் போங்கள். காலையில் கேத்தி, வெயில் ஏறியதும் ஸ்டீபன் சர்ச், மாலையில் காந்தல் என்று வைத்துக்கொண்டால் ஒரே நாளில் மூன்றும் முடியும்.