முருங்கைக்கீரையும் சாப்பாட்டுக்குப் பின்னால் ஒரு டீயும்

போன வாரம் சித்தி பெண் போன் செய்தாள். மூன்றாவது மாதம், மசக்கை பாடாய்ப் படுத்துகிறது. “அக்கா, இந்த மாத்திரையெல்லாம் எதுக்கு, நம்ம வீட்டுச் சாப்பாட்டுலயே எல்லாச் சத்தும் இருக்குல்ல? பையன் வயித்துல இருக்கும்போது நீ என்னென்ன சாப்பிட்ட, அதைச் சொல்லு போதும்” என்றாள். முக்கால் மணி நேரம் பேசினேன், அப்படியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை அவளுக்காகவும், அவளைப் போல வாயும் வயிறுமாக இருக்கிற மற்றவர்களுக்காகவும் இங்கே எழுதிவிடுகிறேன். நானும் ஒரு காலத்தில் அவள் சொன்னதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். கொல்லையில் முருங்கை மரம் நிற்கிறது. அம்மா வீடு பண்ருட்டிப் பக்கம் என்பதால் முந்திரி, நிலக்கடலை, சீசனில் பலா எல்லாம் பை பையாக வந்து இறங்கும். காலையில் தேவனாம்பட்டினத்திலிருந்து மீன்காரம்மா கூடையோடு வாசலுக்கே வந்துவிடுவார். இத்தனை இருக்கும்போது சத்துக்கு என்ன குறை என்று நானும் நினைத்தேன், அத்தையும் நினைத்தார். முதல் மூன்று மாதம் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை ஒழுங்காகப் போட்டேன். நாலாவது மாதம் நகர்ப்புற சுகாதார நிலையத்தில் சிவப்பு மாத்திரை கொடுத்தார்கள், இரும்புச்சத்து மாத்திரை. போட்டால் குமட்டல், மலம் கறுப்பாகப் போனது, மலச்சிக்கல் வேறு. நாலு நாள் போட்டுப் பார்த்துவிட்டு அட்டையை டிராயருக்குள் வைத்து மூடிவிட்டேன். அதற்குப் பதிலாகத்தான் கீரை. பொரியல், அடை, கூட்டு, சாறு என்று தினமும் ஏதாவது ஒரு உருவத்தில் முருங்கைக்கீரை என் தட்டில் இருந்தது.

ஐந்தாவது மாதத்தில் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. அரிசி டிரம்மைத் திறந்தால் பச்சரிசி வாசனை இழுக்கும். ஒரு கைப்பிடி அள்ளி, யாரும் பார்க்காத நேரத்தில் சமையலறை மூலையில் நின்று மென்றுகொண்டிருப்பேன். முதலில் கடக்கென்று உடையும், அப்புறம் வாயெல்லாம் மாவாகி ஒரு இனிப்பு வரும், அந்த இனிப்புக்காக அடுத்த கைப்பிடி. ஒரு நாள் அத்தை பார்த்துவிட்டார். திட்டவில்லை. “நானும் உங்க வீட்டுக்காரன் வயித்துல இருக்கும்போது அடுப்புச் சாம்பல் தின்னேன்மா, பிள்ளைத்தாச்சிக்கு அப்படித்தான் ஆசை வரும்” என்றார். நானும் அது ஆசை என்றே எடுத்துக்கொண்டேன். பச்சரிசி, சாம்பல், மண், திருநீறு, ஐஸ் கட்டி என்று மனசு அலைந்தால் பெரும்பாலும் உடம்பில் இரும்புச்சத்து தீர்ந்துபோயிருக்கிறது என்று பொருள். உங்கள் வீட்டுக் கர்ப்பிணி அரிசி மெல்வதைப் பார்த்தால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள், ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

இருபதாவது வாரம் பரிசோதனையில் எனக்கு ஹீமோகுளோபின் 8.9. கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனாலே ரத்தசோகை. நர்ஸ் அக்கா அட்டையில் அந்த எண்ணைச் சிவப்பு மையில் வட்டம் போட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. “தினமும் கீரை சாப்பிடறேன் அக்கா” என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “சாப்பிட்டு முடிச்சதும் என்ன குடிப்ப?”

டீ. மத்தியானச் சாப்பாடு முடித்துக் கை கழுவியதும் எனக்கு டீ வேண்டும், கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அப்படி.

அன்றைக்கு அவர் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். கீரையில் இருக்கிற இரும்பு கறி மீனில் இருப்பதைப் போல உடம்பில் சுலபமாகச் சேராது. அதிலும் டீ, காபியில் இருக்கிற டேனின் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குடலுக்குள் வந்த சத்து ரத்தத்தில் சேராமல் அப்படியே வெளியே போய்விடும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா மாதிரி வைட்டமின் சி உள்ளது கூட இருந்தால் அதே இரும்பு நன்றாகச் சேரும். அப்புறம் கணக்கு. 100 கிராம் முருங்கைக்கீரையில் இரும்பு 5 மில்லிகிராமுக்கும் குறைவு. 100 கிராம் என்றால் உருவின இலை, ஒரு பெரிய குவியல். கர்ப்ப காலத்தில் ஒரு நாளைக்கு நம் உணவில் இருக்க வேண்டிய இரும்பு 27 மில்லிகிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்) சொல்கிறது. அந்தச் சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிடும் இருக்கின்றன. நாலாவது மாதத்திலிருந்து 180 நாள், குழந்தை பிறந்த பிறகு இன்னொரு 180 நாள் போடச் சொல்கிறார்கள். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில் நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டில் ஒருத்திக்கு மேல். இவர்கள் எல்லோரும் கீரையே தின்னாதவர்களா என்ன?

எனக்கு எண் குறைவாக இருந்ததால் ஒரு நாளைக்கு இரண்டு மாத்திரை என்றார் டாக்டர். குமட்டலுக்கு வழி சொன்னது நர்ஸ் அக்காதான். ராத்திரி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எலுமிச்சைத் தண்ணீரோடு போட்டுவிட்டுப் படுத்துவிடு, குமட்டினாலும் தூக்கத்தில் போய்விடும் என்றார். இன்னொன்று காலையில் இட்லி செரித்த பிறகு. கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒன்றாகப் போடக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், ஏனென்றால் கால்சியமும் இரும்பைச் சேரவிடாது. மலம் கறுப்பது மாத்திரையால்தான், பயப்பட ஒன்றுமில்லை. மலச்சிக்கலுக்கு வாழைத்தண்டு, கொய்யா, நிறைய தண்ணீர். டீ நாலு மணிக்குத் தள்ளிப்போனது. பச்சரிசி ஆசை மூன்று வாரத்துக்குள் தானாக நின்றுவிட்டது, டிரம்மைத் திறந்தால் ஒன்றுமே தோன்றவில்லை. முப்பத்திரண்டாவது வாரம் 11.2.

இதனால் கீரையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். கீரையும் வேண்டும், மாத்திரையும் வேண்டும். கீரையில் இரும்பு மட்டுமா இருக்கிறது, வைட்டமின் ஏ, கால்சியம், நார்ச்சத்து எல்லாம் இருக்கிறது.

மீன் விஷயத்துக்கு வருகிறேன், கடலூரில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. மீன்காரம்மா நான் உண்டாகியிருப்பது தெரிந்ததிலிருந்து வாசலில் கூடையை இறக்கியதும் எனக்கென்று தனியாக எடுத்து வைப்பார். நெத்திலி, மத்தி, காரப்பொடி மாதிரிச் சின்ன மீன்கள். விலையும் குறைவு, புரதமும் உண்டு, குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய ஒமேகா 3 மத்தியில் நிறைய. நெத்திலியை முள்ளோடு மென்று தின்றால் கால்சியமும் சேர்த்து வரும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மீன் சாப்பிட்டேன், வறுவலைவிடக் குழம்பாகத்தான். சுறா மட்டும் வேண்டாம். நம் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று பால்சுறாப் புட்டு செய்து கொடுப்பார்கள், எங்கள் அம்மாயியின் கைப்பக்குவம் அதில் பேர் போனது, எனக்கும் அது உயிர். ஆனால் சுறா மாதிரிப் பெரிய மீன்கள் சின்ன மீன்களைத் தின்றே வளர்வதால் கடலில் இருக்கிற பாதரசம் அதன் சதையில் சேர்ந்துகொண்டே போகும். அது தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போனால் மூளைக்கும் நரம்புக்கும் கெடுதல், தாய்ப்பாலிலும் கொஞ்சம் இறங்கும். அதனால் கர்ப்பத்திலும் சரி, பால் கொடுக்கும்போதும் சரி, சுறாவைத் தள்ளிவைக்கச் சொல்கிறார்கள். அம்மாயியிடம் இதைச் சொன்னபோது முகம் சுருங்கிப் போனது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப பூண்டு போட்டு நெத்திலியில செஞ்சு தரேன்” என்றார். அந்த நெத்திலிப் புட்டு அவ்வளவு நன்றாக இருந்தது.

அடுத்தது இனிப்பு. எனக்கு ஆறு மாதம் முடிகிற நேரம் பண்ருட்டியில் பலா சீசன் உச்சத்தில் இருந்தது. அம்மா ஒரு முழுப் பழத்தை அரிந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை சுளையாக எடுத்துக் கிண்ணத்தில் போடுவார், நான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே இருப்பேன். காலையில் சத்துமாவுக் கஞ்சி, அதில் இரண்டு ஸ்பூன் கருப்பட்டி. வெள்ளைச் சர்க்கரை தொடுவதே இல்லை, அதனால் எனக்குச் சர்க்கரை வராது என்று உறுதியாக இருந்தேன். இருபத்தாறாவது வாரம் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். 140ஐத் தொட்டாலே கர்ப்பகால நீரிழிவு, எனக்கு 147. சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் செய்துகொள்ளக்கூடிய இந்த எளிய முறையை நம் நாட்டில் பரப்பியதில் சென்னை டாக்டர் வி. சேஷய்யாவுக்குப் பெரிய பங்கு உண்டு. அவருடைய பிறந்தநாளான மார்ச் 10ஐத்தான் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். முதல் தடவை போகும்போது ஒரு முறை, 24லிருந்து 28 வாரத்துக்குள் இன்னொரு முறை இதைச் செய்வார்கள். முதலில் சரியாக இருந்தது என்று இரண்டாவதைத் தவிர்த்துவிடாதீர்கள், எனக்கு முதலில் சரியாகத்தான் இருந்தது.

கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன், பலா எதுவாக இருந்தாலும் ரத்தத்தில் போய்ச் சர்க்கரையாகத்தான் நிற்கும். கஞ்சியை உப்பும் மோரும் போட்டுக் குடிக்க ஆரம்பித்தேன். சத்துமாவில் இருக்கிற கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது, அதனால் கஞ்சியை விடவில்லை, இனிப்பைத்தான் விட்டேன். சோறு பாதியானது, அந்த இடத்தில் சுண்டல், முட்டை, காய். சாப்பிட்ட பிறகு அவரோடு அரைமணி நேரம் சில்வர் பீச் மணலில் நடை. இன்சுலின் ஊசி போடாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது, எல்லோருக்கும் அப்படி வரும் என்று சொல்ல முடியாது, ஊசி தேவைப்பட்டால் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். பலாச்சுளை? இரண்டு, அதுவும் வாரத்தில் ஒரு நாள்.

“ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்” என்பதை எல்லோரும் சொல்வார்கள், பாசத்தில் சொல்வதுதான். கூடுதலாக வேண்டியது ஒரு நாளைக்கு 350 கலோரி. இரண்டு இட்லி, சாம்பார், ஒரு டம்ளர் பால், ஏறக்குறைய அவ்வளவுதான்.

குங்குமப்பூ வாங்கப் பணத்தைக் கொட்டாதீர்கள். குழந்தையின் நிறம் அப்பா அம்மாவிடமிருந்து வருவது, கறுப்பாகப் பிறந்தால் என்ன குறை என்று எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். அந்தக் காசில் ஒரு மாதத்துக்கு முட்டை வாங்கலாம். பப்பாளிக் காயில் பால் இருக்கிறது, அதுதான் ஆகாது. நன்றாகப் பழுத்ததைச் சாப்பிடலாம். ஆன்லைனில் கர்ப்ப காலச் சூரணம் என்று பாட்டிலில் விற்கிறார்களே, என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியாத எதையும் வாயில் வைக்காதீர்கள். சித்த மருந்துதான் வேண்டும் என்றால் அரசு மருத்துவமனைச் சித்தா பிரிவில் டாக்டரைப் பார்த்துக் கேளுங்கள்.

அவளிடம் போனில் சொல்ல மறந்தது ஒன்று: கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண், அதாவது அந்தப் பதிவு எண், வாங்கிவிட வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய் அளவுக்கு உதவி கிடைக்கிறது. பெட்டகத்தில் பேரீச்சம்பழம், நெய், சத்துமாவு, இரும்பு டானிக் எல்லாம் இருக்கும். அங்கன்வாடியிலும் சத்துமாவு தருவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வருகிறாள். இப்போதைக்கு மீன் வாடையே ஆகவில்லையாம், அதனால் மீன்காரம்மாவிடம் அன்றைக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொல்லையில் முருங்கை புதுசாகத் துளிர்த்திருக்கிறது. இளங்கீரையாகப் பறித்துப் பாசிப்பருப்பு போட்டு, அடுப்பை அணைத்த பிறகு அரை மூடி எலுமிச்சை பிழிந்து வைக்கப் போகிறேன். டீ நாலு மணிக்குத்தான்.