மண் பாதைக்கு ஒரு வண்டி: பிக்கப்பா, எஸ்யூவியா?

மார்ச் 3

வீட்டிலிருந்து பிரதான சாலை வரையுள்ள ஆறு கிலோமீட்டர் மண் பாதையில், இரண்டு சக்கரத் தடங்களுக்கும் நடுவே மேடிட்ட இடத்தில் புதைந்திருந்த ஒரு கல், இன்று காலை எங்கள் பழைய காரின் அடியில் இடித்து எஞ்சின் ஆயில் தொட்டியைக் கிழித்துவிட்டது. தொட்டியை ஒட்டவைத்து இன்னும் சில வாரங்கள் ஓட்டலாம். அதற்குள் இந்தப் பாதைக்கு ஏற்ற ஒரு வண்டியை வாங்கியே ஆக வேண்டும்.

தோட்டமும் ஆடுகளும் இருக்கும் வீட்டுக்கு, பின்னால் திறந்த சுமைத் தொட்டி உள்ள பிக்கப்தான் சரி என்பது என் கணவரின் எண்ணம். முதுகுவலியோடு வாழும் அம்மாவையும் பள்ளிக்குச் செல்லும் மகளையும் மனத்தில் வைத்து, ஆட்களும் சுமையும் ஒரே கூரையின் கீழ் செல்லும் எஸ்யூவியே வேண்டும் என்கிறேன் நான். அரை மணி நேரம் பேசியும் இருவரும் அவரவர் இடத்திலேயே நின்றதால், முடிவெடுக்கும் வரை ஒவ்வொரு பயணத்தையும் (யார் வந்தார்கள், என்ன ஏற்றினோம், எவ்வளவு எடை, பாதை ஈரமா காய்ந்ததா) எழுதிவைப்பது என்று தீர்மானித்தோம்.

மார்ச் 9

இரண்டும் வேறு வேறு இனம் என்று நினைத்திருந்தேன். படிக்கப் படிக்க அந்த எண்ணம் தளர்ந்துவிட்டது. டொயோட்டா 2004-இல் கொண்டுவந்த ஒரே அடித்தளத்தின் மேல்தான் ஹைலக்ஸ் பிக்கப்பும் ஃபார்ச்சூனர் எஸ்யூவியும் உருவாயின. இரண்டிலும் ஏணிபோன்ற இரும்புச் சட்டம் தனியாகக் கிடக்க, அதன் மேல் உடல் பொருத்தப்படுகிறது. பின் அச்சைத் தாங்கும் ஸ்பிரிங்கில்தான் வழி பிரிகிறது: சுமைக்கென்று செய்யப்பட்ட பிக்கப்பில் இரும்புப் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங், ஆட்களுக்கென்று செய்யப்பட்ட எஸ்யூவியில் சுருள் ஸ்பிரிங்.

எஸ்யூவி என்ற பெயரில் விற்கப்படும் எல்லாமே இப்படிப்பட்டவை அல்ல. சட்டமும் உடலும் ஒன்றாகவே வார்க்கப்பட்டதுபோல் அமைந்த, கார் வகையைச் சேர்ந்தவையே இன்று அதிகம். அவை எடை குறைந்தவை, சாலையில் இதமானவை, எரிபொருளும் குறைவாகக் குடிக்கும். ஆனால் நாள்தோறும் முறுக்கும் குழியும் நிறைந்த பாதையில் பல ஆண்டுகள் உழைப்பதற்கும் கனமானதை இழுப்பதற்கும் சட்டம் உள்ள வண்டியே ஏற்றது என்பது என் முடிவு. எனவே எங்கள் தேடலில் கார் வகை எஸ்யூவிகளை இன்றே நீக்கிவிட்டேன்.

மார்ச் 16

"ஒரு டன் ஏற்றலாம்" என்ற சொல்லை என் கணவர் இந்த வாரம் பலமுறை சொன்னார். அதை இன்று தாளில் கணக்கிட்டுப் பார்த்தோம்.

இரண்டு வரிசை இருக்கைகள் உள்ள இரட்டை கேபின் பிக்கப்பின் பின் தொட்டி ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், நாற்பத்தைந்து சென்டிமீட்டர் ஆழம் என்று வைத்துக்கொண்டால், அதன் கொள்ளளவு ஒரு கன மீட்டர். அதில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பினால் 1,000 கிலோ; காய்ந்த மணல் நிரப்பினால் 1,600 கிலோ; அதே மணல் நனைந்திருந்தால் இன்னும் அதிகம். தொட்டி நிறைவதற்கு வெகு முன்பே வண்டியின் வரம்பு முடிந்துவிடும் என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. போதாததற்கு, அந்த ஒரு டன் என்பது ஆட்களையும் சேர்த்த கணக்கு. வண்டியின் மொத்த எடை வரம்பிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் மிஞ்சுவதே சுமைத்திறன் என்பதால், நாங்கள் நால்வரும் ஏறி அமர்ந்த உடனே கிட்டத்தட்ட 250 கிலோ செலவாகிவிடுகிறது. தொட்டிக்கு மேல் மூடி பொருத்தினால் அதன் எடையும் இதிலிருந்தே கழியும். ஓட்டுநர் கதவின் சட்டத்தில் ஒட்டியிருக்கும் எடை வரம்புத் தகட்டைப் படிக்காமல் எந்த வண்டியையும் பற்றிப் பேசுவதில்லை என்று இருவரும் ஒப்புக்கொண்டோம்.

மார்ச் 22

உறவினர் ஒருவர் தம் பிக்கப்பை மூன்று நாட்களுக்குக் கொடுத்திருக்கிறார். நேற்றிரவு பெய்த மழையில் பாதை சேறாகிக் கிடந்தது. சோதனைக்கு இதைவிட நல்ல நாள் அமையாது என்று தோன்றியது.

காலியான தொட்டியோடு ஏற்றத்தில் சென்றபோது பின்சக்கரங்கள் வழுக்கி, வண்டியின் வால் மெல்ல ஓடைப் பக்கம் திரும்பியது. எஞ்சினும் ஆட்களும் முன்பக்கம் இருக்க, இழுக்க வேண்டிய பின்சக்கரங்களின் மேல் அழுத்த எதுவும் இல்லை. நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றியதும் சிரமமின்றி ஏறியது உண்மைதான். ஆனால் பல பிக்கப்புகளில் இருப்பதைப்போல் இதிலும் முன் அச்சும் பின் அச்சும் இறுகப் பிணைவதால், காய்ந்த தார்ச்சாலையை அடைந்ததும் அதை விடுவித்தாக வேண்டும். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிகத் தொலைவு சுற்ற வேண்டியிருக்கிறது. வழுக்கி ஈடுசெய்ய இடமில்லாத தார்ச்சாலையில் அந்த வேறுபாடு முழுவதும் பல்சக்கரங்களின் மேல் முறுக்காக ஏறும்.

பின் இருக்கையில் அம்மா இருந்தார். முதுகுச் சாய்வு ஏறக்குறைய நேராக நிற்கும் இருக்கை அது. பின்னால் தொட்டிக்கு இடம் விட்டதுபோக எஞ்சிய இடத்தில் அதற்குமேல் சாய்க்க முடியாது. பாலம் தாண்டியவுடன் வரும் மூன்று குழிகளில் முதலாவதில் வண்டியின் பின்புறம் உதறியது. இரண்டாவதில் அம்மா கைப்பிடியை ஒரு கையால் பிடித்தார். மூன்றாவதில் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, இருக்கையிலிருந்து உடலைச் சற்றே தூக்கி, கண்களை இறுக மூடிக்கொண்டார். கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு, வண்டியை நிறுத்தட்டுமா என்று கேட்டேன். "போ, பழகிவிடும்" என்றார். அந்தச் சொல் நாள் முழுவதும் என்னை விட்டுப் போகவில்லை.

மார்ச் 24

அதே பிக்கப்பில், பின் அச்சுக்கு நேர்மேலே மணல் மூட்டைகளை அடுக்கி, நழுவாமல் கயிற்றால் இறுக்கி, மொத்தம் 250 கிலோவோடு அதே பாதையில் போய் வந்தோம். நம்ப முடியாத மாற்றம். பட்டைகள் சுமைக்கு இறங்கிப் படிந்ததும் குழிகளில் உதறல் பாதியாகக் குறைந்தது. சேற்றில் வழுக்கலும் குறைந்தது. சுமையை எதிர்பார்த்துச் செய்யப்பட்ட வண்டி சுமை இல்லாதபோது அமைதி இழக்கிறது என்று என் கணவர் சொன்னார். தாம் விரும்பிய வண்டியின் குறையைத் தாமே எடுத்துச் சொன்ன அவருடைய நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அம்மாவின் இதத்துக்காக 250 கிலோ மணலை எந்நேரமும் சுமந்து திரிவது எரிபொருளுக்கும் பிரேக்குக்கும் ஆகாத காரியம்.

மார்ச் 30

இன்று இரவல் எஸ்யூவி. அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை. குறைகள் எல்லாம் எனக்குத்தான்.

பின் இருக்கைகளை மடக்கி ஆறு மூட்டை ஆட்டுத் தீவனமும் இரண்டு மூட்டை உரமும் மருந்து தெளிப்பானும் ஏற்றினோம். தெளிப்பானைக் கழுவித்தான் வைத்திருந்தோம். ஆயினும் கண்ணாடிகள் மூடிய பத்தாவது நிமிடத்தில் மகள் தலைவலிக்கிறது என்றாள். சுமையும் மனிதர்களும் ஒரே காற்றைச் சுவாசிக்கும் அறை அது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். திடீரென்று பிரேக் பிடித்தால் தெளிப்பான் எங்கள் தலையை நோக்கித்தான் வரும் என்பதும் உடனே நினைவுக்கு வந்தது. இறங்கி அதை இருக்கையின் அடிக்கொக்கியில் கட்டினேன்.

மாலையில் அதைவிடப் பெரிய தவறு ஒன்றைச் செய்தோம். நீளமான பாசனக் குழாய்கள் உள்ளே அடங்காததால் பின்கதவைத் திறந்தபடியே கயிற்றால் கட்டிக்கொண்டு ஓட்டினோம். ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால், வெளியேறும் புகை திறந்த கதவு வழியாக உள்ளேயே இழுக்கப்படுகிறது. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது. புகை நெடி மூக்கில் ஏறியதும் நிறுத்திவிட்டோம். இனி எக்காரணம் கொண்டும் பின்கதவைத் திறந்துவைத்து ஓட்டுவதில்லை.

தண்ணீர் இறைக்கும் எந்திரத்துக்கான பெட்ரோலைப் பற்றியும் குறித்துவைக்கிறேன்: எஸ்யூவியின் கம்பள விரிப்பின் மேலோ, பிளாஸ்டிக் விரித்த பிக்கப் தொட்டியிலோ கேனை வைத்தபடி நிரப்பக் கூடாது. நிலைமின்சாரம் தரைக்கு இறங்க வழியின்றிப் பொறியாகிவிடும். கேனைத் தரையில் இறக்கி வைத்தே நிரப்ப வேண்டும். இதில் இரண்டு வண்டிகளுக்கும் வேறுபாடில்லை.

ஏப்ரல் 6

டீசலா பெட்ரோலா என்ற கேள்வி இன்று சிறிது நேரம் பிடித்தது. இன்றைய டீசல் வண்டிகளின் புகைக்கரி வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். குறுகிய பயணங்களையே தொடர்ந்து செய்தால் அந்த வெப்பம் வராது, வடிகட்டி அடைத்துக்கொள்ளும். வாரத்துக்கு ஒரு முறையாவது நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டுகிறோம் என்பதால் டீசலே போதும். பிக்கப்பானாலும் எஸ்யூவியானாலும் இது பொது என்பதால் எங்கள் வழக்கை இது தீர்க்கவில்லை.

ஏப்ரல் 14

ஆறு வாரக் குறிப்பேட்டை மேசையில் விரித்து இருவரும் எண்ணினோம். மொத்தம் 57 பயணங்கள். எஸ்யூவிக்குள் ஏற்றவே முடியாத அல்லது ஏற்றக் கூடாத சுமை இருந்தவை ஆறு மட்டும்: எரு இரண்டு முறை, மணல் ஒரு முறை, வேலிக் கம்பங்கள், குழாய்கள், சந்தைக்குப் போன ஆடுகள். அம்மா வந்தவை பதினொன்று. அவற்றில் மூன்று, முதுகு பிடித்துக்கொண்டு நடுவழியிலோ நள்ளிரவிலோ திடீரென்று மருத்துவரிடம் ஓடியவை.

எண்ணிக்கையைவிட வேறொன்றுதான் என் கண்ணில் பட்டது. அந்த ஆறு சுமைகளில் ஒன்றுகூட அன்றைக்கே வந்தாக வேண்டியதல்ல. எருவை நாளைக்கு எடுக்கலாம், பாதை காயும்வரை மணலுக்குக் காத்திருக்கலாம். அம்மாவின் மூன்று பயணங்களுக்கோ நாளும் இல்லை, நேரமும் இல்லை. அவற்றில் இரண்டு மழையில் நடந்தவை. நாம் நாள் குறிக்கக்கூடிய வேலைக்காக வண்டியை வாங்கிவிட்டு, நாள் குறிக்க முடியாத வேலையை அதில் சமாளிப்பது தலைகீழான ஏற்பாடு என்று சொன்னேன். என் கணவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்த ஆறு பயணங்களுக்கு என்ன வழி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

ஏப்ரல் 20

வழி: சட்டம் உள்ள எஸ்யூவியும், தனியே பூட்டி அவிழ்க்கக்கூடிய ஒரு சிறிய டிரெய்லரும். எருவும் மருந்தும் ஆடுகளும் குடும்பத்தின் காற்றில் கலக்காமல் வெளியே வரும். வேலை முடிந்ததும் டிரெய்லர் கொட்டகையில் நிற்கும்.

இது குறையில்லாத ஏற்பாடு அல்ல. டிரெய்லரின் சுமை பெரும்பாலும் அதன் சொந்தச் சக்கரங்களின் மேலேயே இருப்பதால், பிக்கப்பில் மணல் மூட்டைகள் தந்த பிடிப்பு இங்கே கிடைக்காது. சேறான ஏற்றத்தில் அது வெறும் இழுபாரம். ஆகையால் ஈர நாளில் பூட்டுவதில்லை. மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இணைப்புக் கொக்கியின் மேல் அழுத்தும்படி சுமையைச் சற்றே முன்தள்ளி அடுக்க வேண்டும்; பின்பாரமாக அடுக்கினால் வேகத்தில் டிரெய்லர் பாம்புபோல் நெளியத் தொடங்கும். கொக்கியின் மேல் விழும் அந்த அழுத்தமும் வண்டியின் சுமைக் கணக்கில் சேரும். பல நாடுகளில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். எங்கள் இறக்கத்தை நினைத்து, விதி கேட்டாலும் கேட்காவிட்டாலும் பிரேக் உள்ளதையே தேர்ந்தெடுத்தோம்.

வாரம் நான்கு நாள் சுமை ஏற்றும் வீடாக இருந்திருந்தால் பிக்கப்பையே வாங்கியிருப்பேன். டிரெய்லரை நாள்தோறும் பூட்டி அவிழ்ப்பது பொறுமையைத் தின்றுவிடும்.

மே 4

வண்டி வந்துவிட்டது. அறுவடை முடிந்த வயலில் இரண்டு கம்புகளை வாயில் அகலத்துக்கு நட்டு, டிரெய்லரைப் பின்னால் செலுத்தப் பழகினோம். ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அதற்கு எதிர்ப்பக்கம் டிரெய்லர் போகும் என்பது கைக்குப் புரியவே ஒரு மணி நேரம் ஆனது. ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, டிரெய்லர் போக வேண்டிய பக்கமே கையை நகர்த்தினால் குழப்பம் தீர்கிறது. எட்டாவது முயற்சியில் கம்பில் படாமல் உள்ளே விட்டேன்; என் கணவர் ஐந்தாவதிலேயே விட்டுவிட்டார்.

மாலையில் அம்மா ஏறிப் பார்த்தார். பழைய காரைவிட உயரம் என்பதால் முதல் அடி எடுத்துவைக்கும்போது கால் தடுமாறியது. பக்கவாட்டில் ஒரு படியும், கதவுத் தூணில் அவர் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு பிடியும் பொருத்த வேண்டும். அம்மாவின் முழங்காலுக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளந்து குறித்துக்கொண்டேன்; படியின் உயரம் அதில் பாதிக்கு மேல் போகக் கூடாது.