கும்பகோணத்தார் பட்டியலைச் சான்றுகளோடு தொகுத்த அனுபவம்

கும்பகோணத்தோடு தொடர்புடைய குறிப்பிடத்தக்க மனிதர்களின் பட்டியல் ஒன்றை, ஒவ்வொரு பெயருக்கும் சான்று காட்டி, அண்மையில் தொகுத்து முடித்தேன். இப்படிப்பட்ட பட்டியல்கள் புதியவை அல்ல. ஊர் வரலாற்று நூல்களின் பின்னிணைப்புகளிலும், பள்ளி, கல்லூரி ஆண்டு விழா மலர்களிலும், கைப்பேசியில் சுற்றிவரும் செய்திகளிலும் அவை நிறையவே கிடைக்கின்றன. ஆனால் நான் பார்த்தவற்றுள் பெரும்பாலானவற்றில் பெயர்கள் இருந்தனவே தவிர, அந்தப் பெயர் ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. 1854இல் தொடங்கிய அரசுக் கல்லூரியும், காவிரிக் கரையின் இசை மரபும், ‘மணிக்கொடி’ இலக்கிய இதழின் காலத்து எழுத்தாளர்களும் சேர்ந்த ஒரு நகரத்துக்கு ஆதாரமில்லாத பட்டியல் போதாது என்று எனக்குத் தோன்றியதால்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

வேலை தொடங்கியதும் தெளிவானது ஒன்று: பட்டியலில் இடம்பெறும் ஒவ்வொருவருக்கும் இரண்டு விஷயங்களைத் தனித்தனியே நிறுவ வேண்டும். அவர் குறிப்பிடத்தக்கவர் என்பது ஒன்று. அவருக்கும் இந்த ஊருக்கும் உள்ள தொடர்பு இன்னது என்பது மற்றொன்று. முதலாவதற்கு வலுவான சான்று கிடைத்துவிட்டால் இரண்டாவதைக் கேட்காமலே விட்டுவிடுவதுதான் பொதுவான பழக்கம். கணித மேதை இராமானுஜனின் புகழுக்கு யாரும் சான்று கேட்கப்போவதில்லை. ஆனால் ‘கும்பகோணத்தில் பிறந்தவர்’ என்ற தலைப்பின் கீழ் அவரை எழுதினால் அது பிழை. அவர் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்ததும் டவுன் ஹைஸ்கூலில் படித்ததும் கும்பகோணத்தில். இறந்த இடம் பற்றியும் கவனம் தேவை. 1920 ஏப்ரல் 26 அன்று சென்னைச் சேத்துப்பட்டில் இறந்தார் என்று விரிவான வாழ்க்கை வரலாறுகள் சொல்லும்போது, சில சுருக்கக் குறிப்புகள் கும்பகோணம் என்று எழுதிவிடுகின்றன. வேளாண் அறிவியலாளர் எம். எஸ். சுவாமிநாதன் நேர்மாறான எடுத்துக்காட்டு. அவர் பெயரின் முதலெழுத்து கேரளத்தின் மங்கொம்பு என்ற ஊரைக் குறிக்கிறது. அவர் பிறந்ததோ, 1925 ஆகஸ்ட் 7 அன்று, கும்பகோணத்தில். ஆகவே பட்டியலில் ‘தொடர்பு’ என்று ஒரு பத்தியைச் சேர்த்து, பிறப்பு, கல்வி, பணி, நெடுநாள் வாழ்வு என்ற நான்கில் எது பொருந்துகிறதோ அதை மட்டும் எழுதி, அந்தத் தொடர்புக்கென்றே தனியாக ஓர் அடிக்குறிப்பு இட்டேன். மொத்த உழைப்பில் பெரும்பகுதி இந்தப் பத்திக்குத்தான் செலவானது.

அடுத்தது எல்லைச் சிக்கல். கும்பகோணத்தைச் சேர்ந்தவர் என்று சொல்லப்படும் பலர் உண்மையில் சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் பிறந்தவர்கள். உ. வே. சாமிநாதையர் உத்தமதானபுரத்தில் பிறந்தவர், அரசியல் தலைவரும் பேச்சாளருமான வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் வலங்கைமானில் பிறந்தவர். வலங்கைமான் இன்று தஞ்சாவூர் மாவட்டத்திலேயே இல்லை. 1997இல் உருவான திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. பழைய நூல்கள் ‘தஞ்சை ஜில்லா’ என்று எழுதிய இடம் இன்று நான்கு மாவட்டங்களாகப் பிரிந்து கிடக்கிறது என்பதை மறந்துவிட்டால், சான்று சரியாக இருந்தும் பட்டியல் தவறாகிவிடும். இப்படிப்பட்ட ஊர்களைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சிலர் எனக்கு ஆலோசனை சொன்னார்கள். நான் அதை ஏற்கவில்லை. அந்தச் சிற்றூர்களுக்கும் அவற்றின் பெருமைக்கு உரிமை உண்டு. அருகிலுள்ள நகரம் அதை எடுத்துக்கொள்வது நியாயமாகாது. எனவே பிறப்பு என்ற தொடர்புக்கு நகர எல்லைக்குள் பிறந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு, மற்றவர்களைக் கல்வி அல்லது பணியின் வழியே சேர்த்தேன். சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோதும் அந்தப் பணியில்தான் இருந்தார். இந்தத் தொடர்பு பிறப்பைவிட எந்த வகையிலும் குறைந்ததல்ல. சீனிவாச சாஸ்திரியாரும் அங்கே படித்தவர் என்பதால் கல்வி என்ற தொடர்போடு இடம்பெற்றார்.

பெயருக்கு முன்னால் நிற்கும் ஊர்ப்பெயரை நம்பி யாரையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது என்பதை இசைக்கலைஞர்கள் பகுதிதான் எனக்கு நன்றாக உணர்த்தியது. நம் இசை மரபில் ஊர்ப்பெயர் என்பது குடும்பத்தின் பூர்வீகத்தையோ, வாழ்ந்த இடத்தையோ, ஆதீனத்தோடு கொண்ட தொடர்பையோ குறிக்கலாம். செம்மங்குடி சீனிவாச ஐயர் பிறந்தது திருக்கோடிக்காவலில். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பிறந்தது திருமருகலில். பண்ணாராய்ச்சி செய்த குடந்தை ப. சுந்தரேசனார் பிறந்தது சீர்காழியில். இசைக்கு வெளியேயும் இதுதான் நிலை. மாயூரம் வேதநாயகம் பிள்ளை திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குளத்தூரில் பிறந்து, மாயூரத்தில் முன்சீபாக இருந்ததால் அந்த ஊர்ப்பெயரைப் பெற்றவர். ஆகவே வயலின் கலைஞர் கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளைக்கு 1948இல் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது என்ற சான்று கையில் இருந்தாலும், அது அவருடைய குறிப்பிடத்தக்க தன்மையை மட்டுமே நிறுவும். ஊர்த்தொடர்புக்கு வேறு சான்று தேடித்தான் ஆக வேண்டும். பெயரே சான்று என்று விட்டுவிட முடியாது. இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு சிக்கல் உண்டு. பெயரில் ஊரே இல்லாதவர்கள் தேடலில் அகப்படாமல் போய்விடுவார்கள். ‘கும்பகோணம் இரட்டையர்’ என்று அழைக்கப்பட்ட ந. பிச்சமூர்த்தியும் கு. ப. ராஜகோபாலனும் இந்த ஊரிலேயே பிறந்தவர்கள். பிச்சமூர்த்தியின் இயற்பெயர் வேங்கட மகாலிங்கம். இயற்பெயர், புனைபெயர், முதலெழுத்து வேறுபாடு ஆகியவற்றை ஒவ்வொருவருக்கும் முதலிலேயே குறித்துக்கொண்ட பிறகே தேடலைத் தொடங்குவது நல்லது. ஊரின் பெயரையும் குடந்தை, கும்பகோணம் என்ற இரு வடிவங்களிலும் தேட வேண்டியிருந்தது.

சான்றுகளைப் பொறுத்தவரை எனக்கு மிகவும் உதவியது அச்சு நூல்களே. பெ. தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து தமிழ் வளர்ச்சிக் கழகத்துக்காக உருவாக்கிய பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம், சாகித்திய அகாதெமியின் இந்திய இலக்கியச் சிற்பிகள் வரிசை, 1906இல் ஹெமிங்வே எழுதிய தஞ்சை மாவட்டக் கெசட்டியர், 1915இல் ஹயவதன ராவ் தொகுத்த இந்திய வாழ்க்கைக் குறிப்பு அகராதி ஆகியவற்றை முதல் வட்டமாக வைத்துக்கொண்டேன். பழைய நூல்களைத் தேட சென்னையில் கன்னிமாரா நூலகமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் வீட்டிலிருந்தே பல நூல்களைப் படிக்க முடிகிறது. ஆனால் மின்வடிவில் கிடைப்பதால் உள்ளே உள்ள சொற்களையும் தேடிவிடலாம் என்று எண்ணக் கூடாது. ணை, லை, னை, ணா, றா, னா போன்ற எழுத்துகள் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் வேறு வடிவில் அச்சாகியிருப்பதால், அச்சுப் பக்கப் படத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள்கள் அவற்றைப் பெரும்பாலும் தவறாகவே வாசிக்கின்றன. தேடல் ‘இல்லை’ என்று சொன்ன நூலில், பொருளடக்கத்தைப் பார்த்துப் பக்கம் பக்கமாகப் புரட்டியபோது வேண்டிய குறிப்பு கிடைத்தது எனக்குப் பலமுறை நேர்ந்தது.

விழா மலர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மணிவிழா மலர், நினைவு மலர், பள்ளி நூற்றாண்டு மலர் போன்றவற்றில் வேறெங்கும் கிடைக்காத தகவல்கள் நிரம்பியிருக்கின்றன. ஆனால் அவை அன்பினாலும் நன்றியினாலும் எழுதப்பட்டவை. ஒருவர் எந்தத் தெருவில் வாழ்ந்தார், எந்தப் பள்ளியில் படித்தார், எந்த ஆண்டு வேலையில் சேர்ந்தார் என்பவற்றுக்கு மலரைச் சான்றாக ஏற்றுக்கொண்டேன். ‘இந்தியாவிலேயே முதலாமவர்’, ‘ஈடு இணையற்றவர்’ என்ற வகைக் கூற்றுகளுக்கு, அவரோடு உறவோ நிறுவனத் தொடர்போ இல்லாத ஒருவர் எழுதிய நூலோ செய்தியோ கட்டாயம் வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். தன்வரலாறுகளுக்கும் இதே அளவுகோல்தான். உ. வே. சா.வின் ‘என் சரித்திரம்’ கும்பகோணம் கல்லூரிச் சூழலை அறிய ஈடற்ற ஆவணம். ஆனாலும் ஒருவருடைய சிறப்பை அவருடைய சொல்லைக் கொண்டே நிறுவக் கூடாது.

தமிழ் ஆண்டுகளில் கொடுக்கப்பட்ட பிறந்த நாள்கள் தனிக் கவனம் கேட்பவை. அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருவதால், ‘ஆனந்த வருஷம்’ என்பது 1854 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டாகவும் இருக்கலாம், 1914 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டாகவும் இருக்கலாம். வாழ்க்கையின் மற்ற நிகழ்ச்சிகளைக் கொண்டு இதைத் தீர்த்துவிடலாம். அதைவிட எளிதில் கண்ணில் படாத சிக்கல் மாதத்தில் இருக்கிறது. ஆனந்த ஆண்டு என்றால் 1854 என்று எழுதிவிட்டால், அந்த ஆண்டின் மாசியிலும் பங்குனியிலும் பிறந்தவர்களுக்கு ஓராண்டு பிசகிவிடும். சாமிநாதையர் பிறந்த 1855 பிப்ரவரி 19 அந்த ஆனந்த ஆண்டின் மாசியில்தான் வருகிறது. இரண்டு நூல்கள் ஓராண்டு வேறுபாட்டோடு பிறந்த ஆண்டைக் கொடுத்தால், மாதம் தை, மாசி, பங்குனியா என்று முதலில் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். பள்ளியில் சேர்ப்பதற்காகக் கொடுக்கப்பட்ட வயதும் உண்மையான வயதும் வேறாக இருப்பது அந்தத் தலைமுறையில் சாதாரணம். அப்படி முரண்பாடு தீராத இடங்களில் இரண்டு ஆண்டுகளையும் அவற்றின் சான்றுகளோடு எழுதினேன்.

இணையச் சான்றுகளில் நான் மிகவும் அஞ்சியது ஒன்றையொன்று பார்த்து எழுதப்பட்ட குறிப்புகளைத்தான். ஒரு தளத்தில் ஆதாரமின்றி எழுதப்பட்ட வரியை ஒரு செய்தியாளர் எடுத்தாளுவார். சில மாதங்களில் அந்தச் செய்தியே முதல் தளத்தின் ஆதாரமாகச் சேர்க்கப்பட்டுவிடும். பார்ப்பவருக்கு இரண்டு சான்று இருப்பதாகத் தோன்றும். உண்மையில் ஒன்றுகூட இல்லை. வெளியான நாள்களை வரிசைப்படுத்திப் பார்ப்பதும், ஒரே எழுத்துப்பிழையோ ஒரே சொற்றொடரோ இரண்டிலும் இருக்கிறதா என்று கவனிப்பதும் இதைக் கண்டறிய உதவின.

பெண்களின் பெயர்கள் குறைவாக இருந்ததை என்னால் இயல்பானது என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவர்கள் இல்லாததால் அல்ல, அவர்களைப் பற்றி அக்காலத்தில் தனி நூல்கள் எழுதப்படாததாலேயே பட்டியல் அப்படி அமைகிறது. பெண்கள் மட்டுமே நடித்த நாடகக் குழுவை நடத்திய கும்பகோணம் பாலாமணியைப் போன்றவர்களைப் பற்றிய செய்திகள், பிற நடிகர்களின் நினைவுக் குறிப்புகளிலும் நாடக வரலாற்று நூல்களிலும் பத்தி பத்தியாகச் சிதறிக் கிடக்கின்றன. சான்றின் தரத்தை இவர்களுக்காகக் குறைக்கக் கூடாது. ஆனால் தேடலின் அளவைக் கூட்டியே ஆக வேண்டும். ஒரே பெரிய நூலுக்குப் பதிலாக, ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல சிறு குறிப்புகள் ஒத்துப்போனால் அவற்றைச் சேர்த்து ஏற்றுக்கொள்ளலாம் என்பதே நான் எடுத்த முடிவு.

வாழ்ந்துகொண்டிருப்பவர்கள் விஷயத்தில் கண்டிப்பாக இருந்தேன். அவர்களே பொதுவெளியில் சொல்லியோ, நம்பகமான வெளியீட்டில் வந்தோ இருந்தாலொழியப் பிறந்த தேதியையும் குடும்ப விவரங்களையும் எழுதவில்லை. பரிந்துரைகளும் வந்தன. ஒரு குடும்பத்தார், “எங்க தாத்தா இந்த ஊருக்கு எவ்வளவோ செஞ்சிருக்கார் சார், அவர் பேரையும் சேர்த்துக்குங்க” என்று கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் சொன்னது அத்தனையும் உண்மையாகவே இருக்கக்கூடும். ஆனால் காட்டுவதற்கு அச்சில் ஒன்றும் இல்லை. வீட்டிலுள்ள கடிதங்களையும் மலர்களையும் தேதியோடு வரிசைப்படுத்தி, ஓர் ஆய்வு நூலகத்துக்குக் கொடுக்கும்படி அவர்களிடம் கேட்டுக்கொண்டேன். யாராவது ஒருவர் பிற்காலத்தில் அவற்றைப் படித்து எழுதினால் சான்று உருவாகும். அதற்கு முன்னால் பெயரைச் சேர்ப்பது அந்தப் பெரியவருக்கும் மரியாதை ஆகாது.

அமைப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. துறைவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு துறைக்குள்ளும் பிறந்த ஆண்டின்படி வரிசைப்படுத்தினேன். அடிக்குறிப்பில் ஆசிரியர், நூல், பதிப்பகம், ஆண்டு, பக்க எண் ஐந்தும் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். பக்க எண் இல்லாத சான்றை இன்னொருவர் சரிபார்ப்பது மிகவும் கடினம்.

ஒரு சான்று மட்டுமே கிடைத்தவர்களையும், புகழ் உறுதியாகி ஊர்த்தொடர்பு உறுதியாகாதவர்களையும் தனி ஏட்டில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் எது குறைகிறது, எந்த நூலை இன்னும் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். இப்போது அந்த ஏட்டில் அதிகமாக இருப்பவர்கள் நாகசுரம், தவில் கலைஞர்களே. அவர்களுக்காகப் பழைய இசைவிழா மலர்களையும் கோயில் குடமுழுக்கு மலர்களையும் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன்.