புது எயார் ரைபிளும் கொஞ்சம் தேயிலைச் சாயமும்

அனுமதிப்பத்திர வேலையெல்லாம் முடிந்து, காற்றழுத்தத்தால் குண்டு சுடும் எயார் ரைபிள் ஒருவழியாக இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு வந்து சேர்ந்தது. 4.5 மில்லிமீற்றர் குண்டு, குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகை, பீச் மரக் கட்டை. பெட்டியைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தன. கன்னம் வைக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நகம் அழுத்தியது போல ஒரு பள்ளம். அதற்கு முன்னால் வார்னிஷில் நீளமாக ஒரு கீறல். குழல் முனைக்குப் பக்கத்தில் கறுப்பு உரசிப்போய் உருக்கு வெள்ளையாகத் தெரிந்தது. குழல் மடங்கும் இடத்தில் துருவின் செம்புள்ளிகள். ஸ்பிரிங்கை ஏற்றும் தண்டு மற்றப் பாகங்களோடு ஒட்டாமல் கத்தரிப்பூ நிறத்தில் நின்றது. பின்பக்க ரப்பர் பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு கடதாசி நுழையும் இடைவெளி.

விற்ற கடைக்குப் போன் எடுத்தேன். "சுடுறதுக்கு ஒரு பிரச்சினையும் வராது சேர், அதெல்லாம் மேல்பூச்சுதானே" என்றார்கள். மாற்றித் தர வேறொன்று கையிருப்பில் இல்லையாம். திருப்பி அனுப்பி வேறு எடுத்தால் அனுமதிப்பத்திரத்தில் இருக்கும் இலக்கத்தையும் மாற்றவேண்டி வரும். அந்த அலைச்சலுக்கு இந்தப் பள்ளமே மேல் என்று தோன்றியது. காசு கொடுத்து வாங்கிய புதுப் பொருளில் இருக்கும் கீறல், பழைய பொருளில் இருக்கும் பத்துக் கீறலை விட அதிகம் உறுத்தும் என்பது வேறு விஷயம்.

அழகு வேலைக்கு முன் அது ஒழுங்காகச் சுடுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். சேண்ட் பேப்பர் பட்ட கட்டையை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது. வீட்டுப் பின்பக்கம் மலையை வெட்டி எடுத்த மண்சுவர் இருக்கிறது. அதற்கு முன்னால் மண்மூட்டை அடுக்கி, 10 மீற்றரில் தாளை வைத்துச் சுட்டேன். குழல் பூட்டும் இடத்தில் ஆட்டம் இல்லை. கைப்பிடியின் ஒடுங்கிய பகுதியில் வெடிப்பு இல்லை. கட்டையில் முதலில் பிளக்கிற இடம் அதுதான், டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்துத் தேடினேன். குண்டுகள் ஒரே இடத்தில் விழுந்தன. ஒலிம்பிக் 10 மீற்றர் ரைபிள் தாளில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீற்றர் அகலப் பொட்டு. டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டு வீராங்கனை தெஹானி எகொடவெல குறி வைத்தது அந்தப் பொட்டுக்குத்தான். என் தாளின் வட்டம் தாராளமானது, அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

அப்புறம் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, உள்ளே குண்டு இல்லை, ஸ்பிரிங் ஏற்றியில்லை என்று பார்த்துவிட்டு, ஸ்குரூக்களைக் கழற்றி மரத்தையும் இரும்பையும் பிரித்தேன். பிரித்து வைத்திருக்கும்போது ஸ்பிரிங்கை ஏற்றவே கூடாது. சிலிண்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங்கைக் கழற்றும் வேலைக்கும் நான் போகவில்லை. அதற்கு அமுக்கிப் பிடிக்கும் கருவி வேண்டும்; சும்மா திறந்தால் முகத்துக்குத்தான் வரும்.

முதல் வேலை துடைப்பது. பொதி செய்யும்போது பூசிய கிறீஸ், அதில் ஒட்டிய அட்டைப்பெட்டித் தூசி எல்லாம் போனதும் கீறல் என்று நான் எண்ணியவற்றில் சில காணாமல் போயின. இரும்புக்கு மண்ணெண்ணெய் நனைத்த துணி, மரத்துக்குப் பிழிந்தெடுத்த ஈரத்துணி. மரத்தில் மண்ணெண்ணெய் படாமல் பார்த்துக்கொண்டேன்.

கீறல் வார்னிஷோடு நின்றுவிட்டதா, மரம் வரை போயிருக்கிறதா என்று பார்க்க விரலை நனைத்துத் தடவினால் போதும். ஈரத்தில் கீறல் மறைந்தால் அது மேல்பூச்சில் மட்டும்தான் இருக்கிறது. என்னுடையது மறைந்தது. 1500 நம்பர் சேண்ட் பேப்பரைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து, கீறல் ஓடும் திசையிலேயே மெதுவாகத் தேய்த்து, பிறகு வாகனங்களுக்குப் போடும் பொலிஷைத் துணியில் எடுத்து மினுக்கினேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை, வேலை அவ்வளவுதான்.

பள்ளம் வேறு கதை. புட்டி வைத்து நிரப்பிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். தச்சு வேலை செய்யும் மாமாவிடம் காட்டினேன். கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போய் புட்டி வைக்காத தம்பி. மரம் அமுங்கித்தான் இருக்கு, வெட்டுப்படல. ஆவி காட்டு, தானா எழும்பும்" என்றார். அடிபட்ட இடத்தில் மரத்தின் நார்கள் நசுங்கிக் கிடக்கின்றன, எங்கேயும் போய்விடவில்லை. ஈரமும் சூடும் சேர்ந்து உள்ளே போனால் அவை ஊதிப் பழைய இடத்துக்கு வரும். நார் அறுந்திருந்தால் இது பலிக்காது.

முதலில் ஒரு சவுக்குப் பலகைத் துண்டில் சுத்தியலால் தட்டிப் பள்ளம் உண்டாக்கிப் பழகிப் பார்த்தேன். பிறகு ரைபிள் கட்டையில் பள்ளத்துக்கு மேல் இருந்த வார்னிஷை மட்டும், ஒரு ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்குச் சுரண்டி எடுத்தேன். வார்னிஷ் இருந்தால் ஆவி உள்ளே இறங்காது. பருத்தித் துணியை நாலாக மடித்து நனைத்துப் பிழிந்து அங்கே வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியின் மூக்கை அதன் மேல் அழுத்தினேன். சீறல் சத்தம் அடங்கியதும் எடுக்க வேண்டும். துணி காய்ந்த பிறகும் வைத்திருந்தால் மரம் கருகும். துணியை விலக்கிப் பார்க்கும்போது பள்ளத்தின் விளிம்பு மங்கியிருந்தது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று போகப்போக விரலுக்குத் தெரிந்த குழி தெரியாமல் போனது. நடுவில் மயிரிழை போல ஒரு கோடு மட்டும் நின்றது. அங்கே நார் கொஞ்சம் அறுந்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டேன்.

தென்மேல் பருவ மழைக் காலத்தில் ஹட்டனில் நனைந்த மரம் காய்வதற்குப் பொறுமை வேண்டும். காலையில் பனிமூட்டம், பின்னேரம் மழை, நடுவில் ஒரு மணித்தியாலம் வெயில் வந்தால் அதிர்ஷ்டம். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்யும் மச்சான், "ட்ரையர் பக்கத்துல ஒரு ராத்திரி தொங்கவிட்டா மொறுமொறுன்னு காய்ஞ்சிடும் மச்சான்" என்று ஆசை காட்டினான். தேயிலைக்கு அது சரி. ஒரு பக்கம் மட்டும் வேகமாகக் காய்கிற மரம் வளையும், வெடிக்கும். வீட்டுக்குள் காற்றோட்டமான மூலையில் சாய்த்து வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தேன்.

அந்த வேறு வேலை, ரப்பர் பட்டையைக் கழற்றுவது. கழற்றியதும்தான் விஷயம் தெரிந்தது. வெளியே பளபளவென்று வார்னிஷ். பட்டைக்கு அடியில் மரத்தின் குறுக்கு வெட்டு முகம் ஒரு பூச்சும் இல்லாமல் பச்சையாக இருந்தது. இரும்பு உட்காரும் உட்குழியும் அப்படியே. மரம் ஈரத்தை அதிகமாகக் குடிப்பது குறுக்கு வெட்டு முகத்தின் வழியாகத்தான். இங்கே ஜூன், ஜூலையில் அலுமாரிக்குள் வைத்த சப்பாத்துக்கே பூஞ்சணம் பிடிக்கும். ஈரம் ஏறி மரம் ஊதினால் ஸ்குரூவின் பிடி மாறும், பிடி மாறினால் குண்டு விழும் இடம் மாறும். வாங்கியவுடன் பார்க்க வேண்டிய குறை இதுதான் என்று நான் சொல்வேன். கண்ணுக்குத் தெரிந்த பள்ளத்தால் ரைபிளுக்கு ஒரு நட்டமும் இல்லை.

மாமாவின் கட்சி லின்சீட் ஓயில், ஆளிவிதை எண்ணெய். கைக்கு அதைப் போல இதமான பூச்சு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது காற்றில் இருக்கும் ஒட்சிசனோடு சேர்ந்துதான் இறுகும், குளிரிலும் ஈரத்திலும் அது மிக மெதுவாக நடக்கும், இறுகிய பிறகும் ஈரத்தை நன்றாகத் தடுக்காது. கண்டி தாண்டிக் கீழே இருப்பவர்கள் யோசிக்கலாம். நான் வார்னிஷில் தின்னர் கலந்து தண்ணீர் போலாக்கி, உட்குழிக்கும் பின் முகத்துக்கும் மெல்லிய பூச்சாகக் கொடுத்தேன். ஒன்று காய்ந்த பின் அடுத்தது. தடிப்பாகப் பூசினால் இரும்பு திரும்ப உட்காராது. லின்சீட் ஓயிலைத்தான் போடுவேன் என்பவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். எண்ணெய் இறுகும்போது சூடு பிறக்கும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட வேண்டும், அல்லது தண்ணீரில் அமிழ்த்த வேண்டும்.

இனி நிறம். வார்னிஷ் எடுத்த வட்டம் வெளிறிப் போய் வைக்கோல் நிறத்தில் இருந்தது, சுற்றிலும் பழுப்பு. ஹார்ட்வெயார் கடையில் கிடைத்த ஸ்டெயின் ஒன்று செக்கச் சிவப்பு, மற்றது கறுப்பு. மலையகத்தில் இருந்துகொண்டு பழுப்பு நிறத்துக்கு ஏன் கடைக்குப் போக வேண்டும்? தோட்டத்தில் கிடைக்கும் டஸ்டை, அதாவது பொடித் தேயிலையை எடுத்து, குடிக்க முடியாத அளவு கடுப்பாகச் சாயம் வடித்தேன். டஸ்ட்தான் இதற்கு வசதி, துகள் சிறியது என்பதால் நிறம் சீக்கிரம் இறங்கும்.

சாயம் மட்டும் பூசினால் மரத்தில் இளம் மஞ்சள்தான் ஏறும். அதன் உண்மையான உபயோகம் அதில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள். பீச் மரத்தில் டானின் குறைவு. சாயம் அதைக் கொண்டுவந்து கொடுக்கிறது. இன்னொரு பக்கம், சவர்க்காரம் போட்டு எண்ணெய் நீக்கிய ஸ்டீல் வூலை, அதாவது இரும்பு இழைப் பஞ்சை, ஒரு ஜாம் போத்தலில் வினாகிரியில் ஊறப்போட்டு வைத்திருந்தேன். இரும்பு கரையும்போது வாயு வெளிவரும், அதனால் மூடியை இறுக்கக் கூடாது. இந்த இரும்புத் தண்ணீர் டானினைத் தொட்டால் மரம் கறுக்கும். அப்படியே பூசினால் கருங்காலி மாதிரி ஆகிவிடும். எனக்கு வேண்டியது பழுப்பு, ஆகவே நிறையத் தண்ணீர் விட்டுக் கலந்தேன். ஒத்திகை, கட்டையின் உட்பக்கத்தில் வெளியே தெரியாத ஒரு மூலையில். சவுக்குத் துண்டில் பார்ப்பது இதற்கு உதவாது, மரத்துக்கு மரம் நிறம் மாறும்.

சாயம் காய்ந்த வட்டத்தின் மேல் இரும்புத் தண்ணீரைப் பஞ்சால் ஒற்றியதும் முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கண்ணெதிரே, ரேகைகளின் வழியே சாம்பல் நிறம் ஓடியது. காய்ந்தபோது உயிரில்லாத சாம்பல் பழுப்பு; பார்க்கவே கவலையாக இருந்தது. மேலே வார்னிஷ் பட்டதும் அந்தச் சாம்பல் அடங்கி, பக்கத்து மரத்தோடு ஏறக்குறைய ஒன்றிவிட்டது. விளிம்பு தெரியாமல் இருக்க ஒவ்வொரு பூச்சையும் முன்னையதை விடக் கொஞ்சம் அகலமாக இழுத்து, கடைசியில் மெல்லிய தாளால் மினுக்கத்தைக் குறைத்தேன். இடம் தெரிந்தவனுக்கு இன்னும் தெரியும். மாமாவிடம் நீட்டியபோது பள்ளமே இல்லாத வலப் பக்கத்தில் தேடினார்.

இரும்புக்கு வருவோம். துருப்புள்ளிகளுக்கு எண்ணெய் விட்டு ஊறவைத்து, மிக மெல்லிய ஸ்டீல் வூலால், 0000 என்று போட்டிருக்கும் வகை, அழுத்தாமல் தேய்த்தால் துரு மட்டும் கழன்று வரும். உருக்கின் மேல் இருக்கும் கறுப்பும் ஒருவகை இரும்பு ஒட்சைட்டுதான், மிக மெல்லிய படலம். தனியாக அது துருவைத் தடுக்காது, எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. தொழிற்சாலையில் காரமும் நைத்திரேற்றும் கலந்த, 140 பாகை செல்சியஸ் அளவில் கொதிக்கும் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். வீட்டில் செய்கிற வேலை இல்லை.

குழல் முனையின் வெள்ளை விளிம்புக்கு, நண்பர் ஒருவரிடம் மிச்சமிருந்த கோல்ட் புளூ திரவத்தை, கொதிக்கும் தொட்டி இல்லாமலே உருக்கைக் கறுக்க வைப்பதை, கொஞ்சம் வாங்கினேன். அதில் செலனியம் சேர்மம் இருக்கிறது, நஞ்சு. கையுறை போட்டு, குசினிக்குப் பக்கத்தில் போகாமல், திறந்த விறாந்தையில் செய்தேன். உரிமத்துக்குரிய இலக்கம் பொறித்த இடத்தை முதலிலேயே டேப் ஒட்டி மறைத்திருந்தேன். அந்த இலக்கத்தின் மேல் தாளோ திரவமோ படவே கூடாது, பிறகு பொலிஸில் விளக்கம் சொல்லி மாளாது. பூசும் பாகம் உருக்குதானா என்று காந்தத்தை வைத்தும் பார்த்தேன். விசைக் காப்பில் காந்தம் ஒட்டவில்லை, அது வேறு உலோகத்துக்குக் கறுப்பு பெயின்ட் அடித்தது. இந்தத் திரவம் அதில் வேலை செய்யாது. விளிம்பை அசிட்டோனால் துடைத்து, ஹெயார் ட்ரையரால் வெதுவெதுப்பாக்கி, பஞ்சால் ஒற்றி, கழுவி, அப்பச்சோடாத் தண்ணீரால் அமிலத்தை முறித்து, உலர்த்தி எண்ணெய் பூசினேன். நிழலில் ஒன்றும் தெரியவில்லை. வெயிலில் திருப்பினால் கொஞ்சம் சாம்பல் அடிக்கிறது. குழல் வாயின் உள்விளிம்பை மட்டும் தொடவில்லை. குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அது.

கத்தரிப்பூத் தண்டு அப்படியே இருக்கிறது. உருக்கின் கலவையாலோ தொட்டியின் சூட்டினாலோ அந்த நிறம் வரும், மேலே திரவம் பூசிச் சரிவராது. இப்போது அது எனக்குப் பிடித்தும் போய்விட்டது.

இலவசமாக வந்த பஞ்சுறைப் பையைத் தூக்கிப் போட்டுவிட்டேன். பஞ்சு ஈரத்தைப் பிடித்து இரும்போடு ஒட்டி வைத்திருக்கும். ரைபிள் இப்போது பூட்டிய பெட்டிக்குள், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு நிற்கிறது. கை பட்ட பிறகெல்லாம் எண்ணெய்த் துணி ஒரு தடவல். வியர்வையில் உப்பு இருக்கிறதே.

ரப்பர் பட்டையின் இடைவெளி மட்டும் பாக்கி. கழற்றிப் பார்த்ததில் மர முகம் நடுவில் சற்று உப்பலாக இருக்கிறது, அதனால்தான் ஓரம் தூக்கி நிற்கிறது. தட்டையான கண்ணாடியில் சேண்ட் பேப்பரை ஒட்டி அதன் மேல் தேய்த்தால் சமன்படும். ஆனால் போட்ட வார்னிஷ் போய்விடும், திரும்பப் பூச வேண்டும். மாசி, பங்குனியில் வெயில் பிடிக்கட்டும், அப்போது பார்க்கலாம்.