நீங்களும் போடறதில்லையே அண்ணே

9 ஜூன் 2025, திங்கள்

பட்டறையில் பையன் கண்ணில் இரும்புத் துகள் விழுந்துவிட்டது. ஒரு கேட்டில் வெல்டிங் அடித்த இடத்தை கிரைண்டரில் தேய்த்துக்கொண்டிருந்தான். பத்தொன்பது வயது, வேலைக்கு வந்து எட்டு மாதம். "கசக்காதடா" என்று கத்திக்கொண்டே தண்ணீர் விட்டுக் கழுவினேன். போகவில்லை.

"ஏன்டா கண்ணாடி போடல?" என்று கோபத்தில் கேட்டேன்.

"நீங்களும் போடறதில்லையே அண்ணே."

எதிர்த்துப் பேசுகிற பையன் இல்லை. வலியில் உண்மை வந்துவிட்டது.

கண்ணாடி ஆணியில்தான் தொங்குகிறது. அவன் சேர்ந்த அன்றைக்கே எடுத்துக் காட்டினேன், போடச் சொன்னேன். ஆனால் எட்டு மாதமாக அவன் பார்த்தது வேறு. தலையை வலப்பக்கம் சாய்த்து, கண்ணை இடுக்கிக்கொண்டு தேய்க்கிற என்னை. அவனும் அச்சாக அப்படியே சாய்க்கிறான். நான் சொல்லித் தரவேயில்லை. எனக்கும் என் மேஸ்திரி சொல்லித் தந்ததில்லை. அவரைப் பார்த்து வந்ததுதான்.

10 ஜூன், செவ்வாய்

காலையிலேயே மதுரை அண்ணா நகர், அரவிந்த் கண் மருத்துவமனை. மரத்துப்போக சொட்டு மருந்து விட்டு, கருவியில் தாடையை வைக்கச் சொல்லி, ஊசி முனையால் துகளை எடுத்தார்கள். சுற்றிலும் துரு ஏறியிருக்கிறதாம், மறுபடி வரவேண்டும். பார்வைக்குப் பயமில்லை என்று சொன்னபிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

காத்திருந்த நேரம் முழுக்க இந்த ஆஸ்பத்திரியை ஆரம்பித்த டாக்டர் வெங்கடசாமியின் நினைப்புதான். எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்துக்காரர், விவசாயி மகன். பிரசவ மருத்துவராக வேண்டும் என்றிருந்தவரை முடக்குவாதம் படுக்கையில் போட்டது. விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களோடு கண் மருத்துவம் படித்து, கத்தி பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் செய்தார். அரசு வேலையில் 58 வயதில் ஓய்வு பெற்று 1976இல் இதை ஆரம்பித்தபோது மொத்தம் 11 படுக்கைகள்.

நானும் கை வேலைக்காரன். ஒரு விரல் வெட்டுப்பட்டாலே இரண்டு நாள் வேலை ஓடாது. டாக்டரின் அந்தக் கோணல் கையைப் பக்கத்தில் நின்று பார்த்த ஓர் இளம் டாக்டருக்கு, கஷ்டமான கேஸைத் தள்ளிப்போட மனசு வந்திருக்குமா?

12 ஜூன், வியாழன்

துருவையும் சுரண்டி எடுத்துவிட்டார்கள்.

இன்று அங்கிருந்த நர்ஸ் பிள்ளைகளைத்தான் கவனித்தேன். பெரும்பாலும் கிராமத்திலிருந்து வந்து இரண்டு வருடம் பயிற்சி எடுத்தவர்கள். ஆபரேஷனுக்கு ஒருவரைத் தயார்செய்து இவர்கள் வைத்திருக்க, டாக்டர் ஒரு மேசையை முடித்துவிட்டு அடுத்த மேசைக்குத் திரும்புவாராம். காசு கட்டுகிறவருக்கும் இலவசமாக வருகிறவருக்கும் அதே டாக்டர்கள்தான். சட்டை கிழிந்த ஒரு பெரியவரை ஒரு பெண் "வாங்கப்பா" என்று கைபிடித்துக் கூட்டிப்போனாள். இவள் டாக்டர் வெங்கடசாமியைப் பார்த்தே இருக்க மாட்டாள். அவர் 2006லேயே போய்விட்டார். அவரைப் பார்த்தவர்களைப் பார்த்து வளர்ந்தவள்.

என் மேஸ்திரியின் தலைச்சாய்ப்பும் இப்படித்தானே இந்தப் பையன்வரை வந்தது! இரவெல்லாம் இதே யோசனை, தூக்கமில்லை.

16 ஜூன், திங்கள்

புதிதாக மூன்று கண்ணாடி வாங்கினேன். அவனிடம் எதுவும் சொல்லவில்லை. காலையில் முதல் வேலையாக என்னுடையதை மாட்டிக்கொண்டு கிரைண்டரை எடுத்தேன். அரை மணி நேரத்தில் வியர்வையில் பனி படிந்து ஒன்றும் தெரியவில்லை. கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினேன். மத்தியானத்துக்குள் ஏழெட்டுத் தடவை. இருபத்திரண்டு வருடப் பழக்கம், கை தானாகக் கழற்றப் போகிறது.

23 ஜூன், திங்கள்

பையன் வேலைக்கு வந்துவிட்டான். கண்ணில் சிவப்பு இல்லை. கொஞ்சநேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் ஆணியிலிருந்து ஒன்றை எடுத்து, சட்டை நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டான்.

கண்ணாடி போட்டும் தலையை வலப்பக்கம் சாய்த்துத்தான் தேய்க்கிறான். நானும்தான்.