தொழுவுரமா, யூரியாவா: கோத்தகிரியில் இரண்டு உருளைக்கிழங்குப் பாத்திகள்

வீட்டுக்குப் பின்னால் தலா 10 சதுர மீட்டரில் இரண்டு பாத்திகள். இரண்டிலும் குஃப்ரி ஜோதி ரகம், ஏப்ரலில் நட்டது. ஒன்றுக்கு ரசாயன உரம் மட்டும், மற்றதற்கு இயற்கை உரம் மட்டும். இப்போது கிழங்கு தோண்டியாயிற்று.

ரசாயனப் பாத்திக்கு மலைப்பகுதிக்கான பரிந்துரை அளவு: ஹெக்டேருக்குத் தழைச்சத்து 120, மணிச்சத்து 240, சாம்பல்சத்து 120 கிலோ. நீலகிரியின் அமில மண் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால்தான் அது மட்டும் இரண்டு பங்கு. என் பாத்திக்கு யூரியா 260 கிராம், சூப்பர் பாஸ்பேட் ஒன்றரை கிலோ, பொட்டாஷ் 200 கிராம். பாதி அடியுரமாக, மீதி செடியைச் சுற்றி மண் அணைக்கும்போது. தொழுவுரமும் சேர்த்துத்தான் போடச் சொல்வார்கள். ஒப்பிட வேண்டுமே என்று இதில் அதை விட்டேன். மற்றதில் மக்கிய தொழுவுரம் 30 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 2 கிலோ.

மண் அணைக்கும் சமயத்தில் யூரியா பாத்தி கரும்பச்சையாக அடர்ந்து நின்றது. தொழுவுரப் பாத்தியில் அடி இலைகள் வெளிறியிருந்தன. தொழுவுரத்தில் தழைச்சத்து சுமார் அரை சதவீதம். 30 கிலோவில் 150 கிராம் இருந்தாலும், நுண்ணுயிர்கள் சிதைத்துக் கொடுத்தால்தான் செடிக்குக் கிடைக்கும். குளிர்ந்த மண்ணில் அந்த வேலை மெதுவாகத்தான் நடக்கும். செடிக்கோ கிழங்கு பிடிக்கும் முன்பே பசி.

ஜூலை மூடுபனியில் இலைக்கருகல் வந்தது. முதலில் அடர்ந்த பாத்தியில்தான். அங்கே ஈரம் காய வழியில்லை. இரண்டுக்கும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை அடித்தேன், நின்றது.

விளைச்சல்: ரசாயனம் 24 கிலோ, இயற்கை 19. ஆனால் தோண்டும்போதே வித்தியாசம் தெரிந்தது. தொழுவுர மண் பொலபொலவென்று உதிர்ந்து கிழங்கு சுத்தமாக வந்தது. ரசாயனப் பாத்தியில் கட்டிகளை உடைத்து எடுக்க வேண்டியிருந்தது. வேகவைத்தால் தொழுவுரக் கிழங்கு மாவாக வெடிக்கிறது, மற்றது கொஞ்சம் நீர்த்தாற்போல. எனக்குச் சந்தேகம் பொட்டாஷ் மேல்தான். கடையில் கிடைக்கும் சாதாரண பொட்டாஷில் குளோரைடு உண்டு; அது கிழங்கில் நீர் போக மிஞ்சும் உலர் எடையின் பங்கைக் குறைக்கும்.

ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்க எனக்கு மனமில்லை. அடுத்த போகத்துக்கு இரண்டு பாத்திக்கும் 15 கிலோ தொழுவுரம் அடியில் போடப் போகிறேன். அப்புறம் ஒன்றில் மட்டும் யூரியா பாதி அளவு, அதுவும் மண் அணைக்கும்போது. சாதாரண பொட்டாஷுக்குப் பதில் குளோரைடு இல்லாத சல்பேட் ஆஃப் பொட்டாஷ், குன்னூரில் விசாரித்திருக்கிறேன்.