ஜீப்பின் தரைத் தகட்டை மாற்றியபோது

கடலூர் தேவனாம்பட்டினத்துக் கடற்காற்றில் நிற்கும் எந்த வண்டியும் துருவுக்குத் தப்புவதில்லை என்றாலும், எங்கள் பழைய மகிந்திரா சிஜே 3பி ஜீப்பின் தரையை அரித்ததில் காற்றைவிட தரையில் போட்டிருந்த ரப்பர் விரிப்புக்கே பங்கு அதிகம். அதனடியில் தேங்கிய உப்பு ஈரம் காய வழியின்றி, கிளட்ச் பெடலுக்குக் கீழே தகட்டை அப்பளமாக நொறுங்கச் செய்திருந்தது.

முதுநகர் டிங்கரிங் பட்டறையில், ஓட்டைமேல் ஒட்டுப்போட்டு, மேடுபள்ளத்தை நிரப்பும் பட்டிப் பசையைப் பூசிவிடலாம் என்றார்கள். நான் இசையவில்லை. சுத்தியலால் தட்டிப் பார்த்து, கணீரென்று ஒலிக்கும் நல்ல இரும்பு வரும்வரை வெட்டியெடுக்கச் சொன்னேன். இந்த ஜீப்பில் எரிபொருள் தொட்டி ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே இருப்பதால், அதைக் கழற்றி வெளியே வைத்து, பேட்டரி இணைப்பையும் நீக்கிய பிறகே வெல்டிங் தொடங்கியது.

18 கேஜ், அதாவது ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் தகட்டை ஒரே மூச்சில் பற்றவைத்தால் சூட்டில் நெளிந்துவிடும். ஆகவே டிங்கர் எதிரெதிர் மூலைகளில் சிறு சிறு பொட்டுகளாக வைத்து, ஒவ்வொன்றும் ஆறிய பின் இடைவெளிகளை நிரப்பினார். (பொறுமைசாலி, தேநீர் மட்டும் அடிக்கடி வேண்டும்.) பிறகு விளிம்புகளுக்குத் துத்தநாக பிரைமரும் இணைப்புகளுக்கு சீலரும் பூசினோம், அண்டர்கோட்டிங் (வண்டியின் அடிப்பகுதிக்கான துருத்தடுப்புப் பூச்சு) அடிக்கும்போது வடிகால் துளைகள் அடைபடாதபடி அவற்றில் மரக்குச்சிகளைச் செருகி வைத்தோம்.